வகுப்பில் கை ஓங்கும் மாணவன்: என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

பிரம்பை எடுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்துவிட்டோம். அதற்குப் பதிலாக ஒன்றையும் கையில் கொடுக்கவில்லை. எங்கள் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு என்று எந்தப் பக்கம் போய் ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்தாலும் டீ வருவதற்குள் இந்தப் புலம்பல் காதில் விழும். அதில் நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அடிப்பதற்குத் தடை வந்தது 2003-இல். 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அடிக்கக் கூடாது என்று சொல்லும் சுற்றறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவன் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பையன்மேல் பாயும்போது காலை எங்கே வைப்பது, வாயால் என்ன சொல்வது என்று எழுதிய சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை.

இந்த வழிகாட்டி 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு. ஓர் அறையில் நாற்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர், உதவிக்கு ஆள் கிடையாது என்ற நிலைமையை வைத்தே எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் அமைதி அறையும் முழுநேர ஆலோசகரும் நம் பள்ளிகளில் இல்லை. ‘பையன்’ என்று எழுதுவது வசதிக்காகத்தான். பெண் பிள்ளைகளிடமும் இது உண்டு. அடியைவிட வார்த்தையாக வெளிவருவது அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெஞ்சு பறக்கும் நிமிடத்தில் ஆசிரியரால் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். முக்கால்வாசி வேலை அதற்கு முந்தைய பத்து நிமிடத்திலும் மறுநாள் காலையிலும் கிடக்கிறது. ஆனாலும் அந்த நிமிடத்தையே முதலில் வைக்கிறேன். இதைத் தேடிப் படிக்கும் பலர் இன்று மதியம்தான் அப்படியொன்றைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அந்த நிமிடம்

முதலில் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கோபத்தில் நிற்கும் ஒருவனை வெளியேற்றுவதைவிட மீதி முப்பத்தொன்பது பேரை வெளியேற்றுவது எளிது. அவனைக் கையைப் பிடித்து இழுத்தால் கைகலப்பாகும். மற்றவர்களைப் போங்கள் என்றால் போய்விடுவார்கள். பார்க்க ஆள் இல்லையென்றால் அவன் வேகமும் பாதி இறங்கிவிடும். பதின்மூன்று வயதில் அடி வாங்குவதுகூடப் பெரிதில்லை, நாலு பேர் பார்க்கப் பின்வாங்குவதுதான் மானப் பிரச்சினை.

இதற்கு ஜூன் மாதமே ஏற்பாடு வேண்டும். “எல்லாரும் மரத்தடிக்கு” என்று நீங்கள் சொன்னால் பை, நோட்டு எதையும் எடுக்காமல் வகுப்புத் தலைவன் பின்னால் போய் உட்கார வேண்டும் என்று ஒரு முறை ஒத்திகை பாருங்கள். இன்னொரு பிள்ளை பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் போக வேண்டும். அவன் சொல்ல வேண்டியதையும் பழக்கிவிடுங்கள்: “சார், எங்க டீச்சர் உங்கள வரச் சொன்னாங்க.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். “கொல்றான் சார்” என்று கத்திக்கொண்டு ஓடினால் மூன்று வகுப்பு வேடிக்கை பார்க்க வந்து நிற்கும்.

அடுத்து நீங்கள் நிற்கும் இடம். இரண்டு கை நீளத் தூரம். நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்தி நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். கை கீழே, உள்ளங்கை தெரிய. வாசலை மறிக்காதீர்கள், அவனுக்கும் வழி இருக்க வேண்டும், உங்களுக்கும் இருக்க வேண்டும். மூலையில் மாட்டியவன் உங்களைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வருவான். கைக்கெட்டும் தூரத்தில் காம்பஸ், கத்தரிக்கோல், தண்ணீர் பாட்டில் இருந்தால் பேசிக்கொண்டே நகர்த்திவிடுங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம்.

பிறகு பேச்சு. அந்த நேரத்தில் அவன் காதில் நீண்ட வாக்கியம் ஏறாது. நாலைந்து சொல், தாழ்ந்த குரல், பிறகு மௌனம். “நான் இங்கதான் இருக்கேன். ஸ்கேலைக் கீழ வை.” சொல்லிவிட்டுப் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதையே, அதே குரலில், இன்னொரு முறை. “என்னடா முறைக்கிற?”, “தில்லு இருந்தா அடி பாக்கலாம்”, “உங்கப்பன் வளர்த்த லட்சணம்” என்ற மூன்றும் சண்டையை உங்களுக்கும் அவனுக்குமானதாக மாற்றிவிடும். அப்புறம் அவன் அடிக்க வந்த பையனை மறந்துவிடுவான். இரண்டு வழி கொடுப்பது நல்லது: “வராண்டாவுல நிக்கிறியா, இங்கயே பெஞ்சுல உக்கார்றியா?” எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவன் தோற்றதாக ஆகாது.

தொடாதீர்கள். ஆறுதலாகத் தோளில் கை வைப்பதுகூட அந்த நேரத்தில் பிடிப்பது போலத்தான் படும். இருவர் கட்டிப் புரண்டால் நடுவில் புகுந்து பிரிக்க வேண்டாம்; ஆசிரியர்கள் காயப்படுவது பெரும்பாலும் அங்கேதான். பக்கவாட்டில் நின்று இருவர் பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டாவது பெரியவர் வந்ததும் ஆளுக்கொருவரை எதிரெதிர்த் திசையில் கூட்டிப் போங்கள். இருவரில் எவன் விலகத் தயாராக இருக்கிறானோ அவனை முதலில். அகராதி பிடித்தவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே உயிராபத்து என்றால் மட்டும் கை வைத்துத் தடுப்பது. அதுவும் கழுத்தை, மார்பை அழுத்தாமல்.

செல்போன். 2022-இல் வேலூர், திருப்பத்தூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் மேசையை உடைத்ததும் ஆசிரியரிடம் எகிறியதும் வீடியோவாகி ஊரெல்லாம் சுற்றியது நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் யாரோ ஒருவர் போனில் கிடக்கும். ஆதாரத்துக்கு என்று நீங்களும் எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் எடுக்க விடாதீர்கள். படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அடங்க நினைத்தவனும் அடங்க மாட்டான்.

வேகம் இறங்கியதும் அழுவான், அல்லது ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருப்பான். “ஏன்டா அப்படிப் பண்ண?” என்று அப்போதே கேட்பது வீண், குறைந்தது அரைமணி நேரமாவது விடுங்கள். மேலுக்கு அடங்கியவன் உள்ளே அடங்கியிருக்க மாட்டான், ஒரு சொல்லில் மறுபடி எகிறுவான். தண்ணீர் கொடுத்து, ஒரு பெரியவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வையுங்கள். அறையில் போட்டுப் பூட்டக் கூடாது. அடிபட்ட பிள்ளைக்கு முதலுதவி, அவன் வீட்டுக்குத் தகவல், தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் அரைப் பக்கம். மூன்றும் அன்றைக்கே முடிய வேண்டும். மாலைக்குள் ஊரில் வேறொரு கதை கிளம்பிவிடும், உங்கள் அரைப் பக்கம் அதற்கு முந்திவிட வேண்டும்.

ஒரு நோட்டு, மூன்று கட்டம்

நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென்று வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும். ‘திமிராகப் பேசினான்’, ‘வேண்டுமென்றே செய்தான்’ என்பதெல்லாம் நோட்டில் ஏறக் கூடாது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும்.

அப்படி ஒரு நோட்டின் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். எட்டாம் வகுப்புப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய், ஐந்தாம் பீரியடு, ஆங்கிலம். முன்: ஆளுக்கொரு பத்தி வாசிப்பு, மூன்றாவது பெஞ்சு வரை வந்துவிட்டது, அவன் நான்காவது பெஞ்சு. செயல்: முன்னால் இருந்தவன் முதுகில் பேனாவால் குத்தினான், கேட்டதற்கு நோட்டை வீசினான். பின்: வெளியே நிற்க வைத்தேன்.

வியாழன், இரண்டாம் பீரியடு, சமூக அறிவியல். முன்: பாடப் பகுதியை வாசிக்க அவன் பெயரைச் சொன்னேன். செயல்: “உனக்கு வேற ஆளே கெடைக்கலியா” என்றான், பெஞ்சை உதைத்தான். பின்: தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பினேன்.

வெள்ளி, நான்காம் பீரியடு, கணக்கு. கரும்பலகையில் கணக்கு போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று நாளிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. அவனுக்கு வாசிக்க வராது. நாற்பது பேர் முன்னால் எழுத்துக் கூட்டித் திணறுவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். நாம் “வெளிய போய் நில்லுடா” என்று சொல்லும்போது அவன் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே ஆரம்பிப்பான். வெளியே அனுப்பியும் திருந்தவில்லை என்று வருத்தப்படுகிறோமே, வெளியே அனுப்புவதுதான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

நோட்டு பெரும்பாலும் நான்கில் ஒரு காரணத்தைக் காட்டும். மேலே சொன்னது போல ஒன்றிலிருந்து தப்பிக்க. யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காக. ஆசிரியர் திட்டினாலும் பெயரைச் சொன்னாரே என்பது சில பிள்ளைகளுக்குப் போதும். ஒரு பொருளோ இடமோ வேண்டும் என்பதற்காக, மின்விசிறிக்குக் கீழே இருக்கிற பெஞ்சு மாதிரி. கடைசியாக, சத்தமோ வெக்கையோ நெரிசலோ உடம்புக்குத் தாங்காமல். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஷீட் போட்ட அறையில் மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில்தான் சண்டை கூடுகிறது என்றால் கால அட்டவணையைத் தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம் மாறினால் மருந்தும் மாறும். கவனத்துக்காகச் செய்பவனைச் சின்னச் சின்ன விஷயங்களில் கண்டுகொள்ளாமல் விடலாம். வாசிப்புக்குப் பயந்து செய்பவனை விட்டால் அவன் பயம் அப்படியே இருக்கும்.

உடம்பையும் வீட்டையும் பார்ப்பது

காலையில் சாப்பிட்டானா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது, ஆனால் அது தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளை மதியச் சத்துணவு வரை வெறும் வயிறு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிக்கு அம்மா விடியற்காலை வேனில் ஏறிவிட்டால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. பதினொரு மணிக்கு எகிறுபவனிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

காது கேட்கிறதா? காதில் சீழ் வடியும் பிள்ளைகள் நம் பக்கம் குறைவில்லை. கூப்பிட்டால் திரும்பாதவனைத் திமிர் பிடித்தவன் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்போம். பலகை தெரிகிறதா? நடுவில் சில நொடி வெறித்துப் பார்த்து, பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறானா? அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இந்தப் பிள்ளையைக் குறிப்பாகக் காட்டுங்கள்.

கற்றல் குறைபாடு, கவனக் குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டி, மனச்சோர்வு இவற்றையெல்லாம் நாம் முடிவு செய்யக் கூடாது. நம் வேலை பார்த்ததைச் சொல்வது. அந்த மூன்று கட்ட நோட்டு மருத்துவரிடம் தங்கம். முதலில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர். அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம்; அங்கே பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயம் என்று வாயெடுத்ததும் பெற்றோர் முகம் சுருங்கும். “பைத்தியம்னு சொல்றீங்களா சார்?” என்பார்கள். ‘படிப்பு ஏன் வரலன்னு பார்க்கற டாக்டர்’ என்று சொல்லி அனுப்பினால் போவார்கள், அதில் பொய்யும் இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் சலுகை கேட்கலாம். போனில் பேச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.

திடீரென்று மாறிய பிள்ளையைத் தனியாகக் கவனியுங்கள். போன மாதம் வரை சாதுவாக இருந்தவன் இந்த மாதம் யார் பக்கத்தில் வந்தாலும் அடிக்கிறான் என்றால் வீட்டிலோ வழியிலோ ஏதோ நடந்திருக்கிறது. உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பை ஒரு காரணமாக இருக்கலாம்; பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதே குற்றம். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் நீங்களே துருவித் துருவி விசாரிக்காதீர்கள். போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டால் அடுத்தது என்ன என்று சொல்வார்கள். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

முந்தைய பத்து நிமிடம்

எவனும் திடீரென்று வெடிப்பதில்லை. ஒருவன் காலை ஆட்டுவான், ஒருவன் பேனாவை நோட்டில் அழுத்தி அழுத்திக் கோடு கிழிப்பான், ஒருவனுக்குக் காது மடல் சிவக்கும், சத்தம் போடுகிறவன் திடீரென்று அமைதியாகிவிடுவான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாளம் வேறு. நோட்டில் ‘முன்’ கட்டத்தில் எழுதி வாருங்கள். அதைப் பார்த்த உடனே தலையிட்டால் ஒரு வார்த்தையில் முடியும், கடந்துவிட்டால் முதல் பகுதிக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஒரு வார்த்தை என்ன? பல நேரம் அது வார்த்தையே கிடையாது. பாடத்தை நிறுத்தாமல் நடந்து போய் அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அல்லது வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நடை கோபத்தைக் கரைக்கும், வேலை கொடுத்த மரியாதையும் சேரும். எழுத வேண்டிய பத்துக் கேள்வியை மூன்றாக்கி, “இந்த மூணு போதும், முடிச்சிட்டுக் கூப்பிடு” என்று காதோடு சொல்லுங்கள். சொன்னதும் அங்கேயே நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். தலைமேல் நின்றால் கீழ்ப்படிவது அவனுக்கு அவமானம். நீங்கள் இரண்டு பெஞ்சு தள்ளிப் போனபின் தானாகவே செய்ததாக ஆகிவிடும்.

வாசிப்புக்குப் பயப்படும் பையனுக்கு நேரடி மருந்து வாசிப்புத்தான். “நாளைக்கு உன்கிட்ட இந்த ரெண்டு வரி மட்டும்தான் வரும்” என்று முந்தின நாளே காட்டி, வீட்டிலோ மதிய இடைவேளையிலோ பழகி வரச் சொல்லுங்கள். முறை வைத்து வாசிக்கச் சொல்வதையே கொஞ்ச நாள் நிறுத்தி, இருவர் இருவராக வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்பார்கள். கற்றுக்கொடுக்காமல் மூன்று வருடம் நகர்த்தித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம்.

பாராட்டு பொத்தாம் பொதுவாக இருக்கக் கூடாது. “குட் பாய்” என்றால் அவனே நம்ப மாட்டான், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். “உன்ன அவன் இடிச்சப்ப நீ திருப்பி இடிக்கல, பார்த்தேன்” என்று தனியாக, ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லோர் முன்னாலும் பாராட்டினால் சில பையன்கள் அன்று மாலையே எதையாவது உடைத்துத் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

வகுப்பு முழுவதற்கும் ஒரு வழி உண்டு. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறல் குறைவாக இருக்கும் அணிக்குச் சின்னப் பரிசு கொடுக்கும் விளையாட்டு ஒன்றை 1969-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பரிசு பத்து நிமிடம் முன்னதாக மைதானத்துக்குப் போவதாக இருந்தால் காசு செலவில்லை. இரண்டு அணியும் குறித்த அளவுக்குள் இருந்தால் இரண்டுமே ஜெயித்ததாக வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் பையன் ஒரு அணியைத் தோற்கடித்துவிட்டால் அவனை அந்த அணியே வறுத்தெடுக்கும். முதல் வாரம் அவனைத் தனி அணியாக வைப்பதும் உண்டு.

மறுநாள் காலை

பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடையேற்றி மன்னிப்புக் கேட்க வைப்பது நம் வழக்கம். விட்டுவிடுங்கள். அவனுக்குக் கிடைப்பது அவமானம் மட்டும். அடி வாங்கியவனுக்கு அதுகூட இல்லை. முதல் மணிக்கு முன்னால் ஐந்து நிமிடம், தனியாக ஆனால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

“நேத்து நடந்ததப் பத்திப் பேசணும். திட்டறதுக்கு இல்ல.”

“...”

“வாசிப்பு உன் பெஞ்சுக்கு வர்றதுக்கு முன்னாடி உனக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“வயித்துல? கையில?”

“கை ஒதறும் சார்.”

“ஒதறுதுன்னு உனக்குத் தெரிஞ்சா அத எனக்கு எப்பிடித் தெரியப்படுத்துவ? வாயத் தெறக்க வேணாம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “பேனா மூடியக் கழட்டி டெஸ்க்கு ஓரத்துல வெக்கிறேன் சார்” என்றான். மூடி ஓரத்துக்கு வந்தால் ஆசிரியர் அவனைத் தண்ணீர் குடிக்க அனுப்ப வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. இப்படியொரு ஒப்பந்தத்தைப் பையனே சொல்லும்போது அது நிற்கிறது. நாம் எழுதிக் கையெழுத்து வாங்கும் உறுதிமொழித் தாள் அலமாரியில் கிடக்கும். மூன்று நாளில் அவன் மூடியை வைத்து வைத்து ஊர் சுற்றுவான், சோதித்துப் பார்க்க. அதற்கு ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று இருவரும் பேசி வைத்தால் போதும்.

செய்ததற்கு விலை உண்டு, அது சின்னதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். உடைத்த பெஞ்சுக்கு மாலையில் ஒரு பெரியவரோடு சேர்ந்து ஆணி அடிப்பான். கிழித்த நோட்டைத் தன் கையால் பார்த்து எழுதித் தருவான். அடி வாங்கிய பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்: “உனக்கு இன்னா வேணும்?” இடத்தை மாற்றுங்கள் என்பான், இல்லை என் டிபன் பாக்ஸ் நசுங்கிவிட்டது என்பான். அதைச் செய்யுங்கள். இந்தப் பிள்ளையை மறந்துவிட்டு ரவுடிப் பையனுக்கே எல்லாக் கவனமும் போகிறது என்று மற்ற முப்பத்தெட்டுப் பேரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டோடு பேசுவது

அப்பா பெங்களூரில் கட்டட வேலை, சனி இரவு ரயிலில் வந்து ஞாயிறு மாலை திரும்புவார். அம்மா கம்பெனி. வீட்டில் ஆயாதான், அதாவது பாட்டி. புதன்கிழமை பதினொரு மணிக்குப் பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும், அந்தக் கோபம் அன்றிரவு பையன் முதுகில் இறங்கும். ஆகவே நேரத்தை அவர்களையே கேளுங்கள். ஆயா வந்தாலும் அவரிடமே பேசுங்கள்; பிள்ளையின் தினசரியைத் தெரிந்தவர் அவர்தான். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவர்கள் என்றால் அந்த மொழி தெரிந்த ஆசிரியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பையனையே மொழிபெயர்க்க விட்டால் அவன் சௌகரியத்துக்கு மாற்றிவிடுவான்.

முதல் போன் நல்ல செய்திக்காகப் போக வேண்டும். “பையன் இன்னிக்கு போர்டுல கணக்கு சரியாப் போட்டான், சொல்லணும்னு தோணிச்சு.” எதிர்முனையில் ஒரு கணம் பேச்சே வராது; பள்ளியிலிருந்து போன் என்றாலே வம்புதான் என்று பழகியவர்கள். இரண்டாவது போனில் பிரச்சினையைச் சொன்னால் கேட்பார்கள்.

நேரில் வந்ததும் வரும் வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“சாரு, கண்ண மட்டும் உட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“தோல உரிக்கிறதுக்குக் கூப்பிடல ஆயா. வீட்ல கோவம் வந்தா அவன் இன்னா பண்ணுவான்?”

“கதவச் சாத்திகினு படுத்துக்குவான். செத்த நேரம் உட்டா அவனே வந்து சோறு கேப்பான்.”

வகுப்பில் எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத தகவல் அது. அவனைத் துரத்தாமல் கொஞ்ச நேரம் விட்டால் தானே இறங்குவான் என்று ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. வீட்டில் அவர்கள் செய்வதில் எது வேலை செய்கிறது என்று கேளுங்கள். புகார்ப் பட்டியலை வாசிப்பதைவிட இது நேரம் மிச்சம். போகும்போது ஒன்றைக் கேட்டு உறுதி வாங்குங்கள்: இன்று இதற்காக வீட்டில் அடி விழக் கூடாது.

சட்டமும் சாதியும்

கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு உடலைத் துன்புறுத்துவதையும் மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, பட்டப்பெயர், சாதியைச் சொல்லித் திட்டுவது எல்லாம் அதற்குள் வரும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 75-ஆம் பிரிவு: தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. “டிசியைக் கிழிச்சுக் குடுத்துடுவேன்” என்பது செய்ய முடியாத மிரட்டல். பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

கத்தி கொண்டுவந்தது, பலத்த காயம் போன்றவற்றில் தலைமை ஆசிரியர் வழியாக, எழுத்தில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகலாம். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். பஞ்சாயத்து பேச அல்ல, பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க. காவல் நிலையம் கடைசி. பயமுறுத்த ஒரு போலீஸ்காரரைக் கூட்டி வருவது ஒரு வாரம்கூடத் தாங்காது.

சாதியை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள், 2024-இல் அறிக்கை வந்தது. அதெல்லாம் தெற்கத்தி விவகாரம் என்று நம் பக்கம் நினைக்கிறோம். ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் மோதினால் ‘பசங்க சண்டை’ என்று இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறோம். யார் யாரை என்ன வார்த்தை சொன்னான் என்பதை நோட்டில் அப்படியே எழுதுங்கள். தினமும் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் கை ஓங்கியவனை மட்டும் தண்டித்தால் வகுப்பே உங்களைப் புரிந்துகொள்ளும், தவறான வகையில்.

எவ்வளவு நாள் ஆகும்

முதல் இரண்டு வாரத்தில் நிலைமை மோசமாகும். இதைத் தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். இதுவரை கத்தினால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால் பிள்ளை இன்னும் உரக்கக் கத்தித்தான் பார்ப்பான். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு முறை இறங்கிவிட்டால், எவ்வளவு உரக்கக் கத்த வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். அந்த வகுப்புக்குப் போகும் எல்லா ஆசிரியர்களும் ஒரே மாதிரி நடந்தால்தான் இது நிற்கும். மதிய இடைவேளையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேனா மூடி விஷயத்தை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், பி.டி. சாரையும் சேர்த்து.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? சண்டையே இல்லாத மாதம் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரம் நான்கு சண்டை என்பது இரண்டாகக் குறைவதும், அரைமணியில் அடங்கியவன் பத்து நிமிடத்தில் அடங்குவதும், அடித்தவன் இப்போது திட்டுவதோடு நிறுத்துவதும் முன்னேற்றம்தான். நோட்டு இல்லாவிட்டால் இது கண்ணுக்கே தெரியாது. ஆறு வாரம் ஆகியும் ஒன்றும் அசையவில்லை என்றால் நாம் கண்டுபிடித்த காரணம் தப்பாக இருக்கும். நோட்டைப் பக்கத்து ஆசிரியரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒருவனிடம் நிஜமாகவே பயமாக இருக்கிறது என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, அந்த பீரியடில் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடிபட்டால் மருத்துவச் சீட்டு வாங்கி வையுங்கள். பயப்படுகிறவர் நல்ல ஆசிரியர் இல்லை என்று யாராவது சொன்னால், அடுத்த வாரம் அந்த பீரியடை அவருக்கே மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஏப்ரலில் ஒரு தாள் எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள். அவனுடைய குற்றப் பட்டியல் அதில் வேண்டாம். எதைப் பார்த்தால் எகிறுவான், அதற்கு முன் உடம்பில் என்ன அடையாளம், எது அடக்கும், வீட்டில் யாரிடம் எந்த நேரத்தில் பேசலாம், இப்போது எத்தனையாம் வகுப்புப் புத்தகம் வரை தடுமாறாமல் வாசிக்கிறான். ஐந்து வரி.